கூடிக் களித்தல்: கேரியகூ தீவின் அன்றாட வாழ்வு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கரீபியன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். அடுத்ததாகச் சுற்றுலா விளம்பரங்களில் பார்த்த வெண்மணல் கடற்கரையும் ஒற்றைத் தென்னையும் அதன் நிழலில் கிடக்கும் சாய்வு நாற்காலியும் நினைவுக்கு வரும். அந்த நாற்காலியில் படுத்திருப்பவர் எப்போதும் வெளியூர்க்காரர்தான். உள்ளூர்க்காரர் படத்தில் இருந்தால் கையில் தட்டு ஏந்தி நிற்பார். ஓய்வு வந்தவருக்கு, பணிவிடை அங்கே பிறந்தவருக்கு என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது. அந்தப் படத்தை மறுப்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் கேரியகூ என்னும் சிறு தீவு.

கரீபியத் தீவுகளைப் பற்றித் தமிழர் கூடிய அவையில் பேசினால், அங்கே தமிழர் சுவடு உண்டா என்ற கேள்வி எழும். குவாதலூப்பிலும் மார்டினிக்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவரின் மாரியம்மன் வழிபாடு இன்றும் இருக்கிறது. அது தனியே பேச வேண்டிய பெரிய வரலாறு. கேரியகூ ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தீவு. அவர்களுடைய வாழ்க்கையை அவர்களுடையதாகவே பார்ப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிரெனடா நாட்டின் ஒரு பகுதி கேரியகூ. பரப்பு 34 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. மிக உயரமான ஹை நார்த் குன்று 291 மீட்டர். ஹில்ஸ்பரோ என்ற ஒரே சிறு நகரமும் அதன் படகுத்துறையும்தான் தீவின் தலைவாசல். வடகிழக்கே விண்ட்வேர்ட், தெற்கே டிரல் விரிகுடா, மேற்கே லெஸ்டேர் எனச் சிற்றூர்கள். பக்கத்தில் பெட்டீட் மார்டினிக் என்று இன்னும் சிறிய தீவு ஒன்று உண்டு.

பொழுது யாருடையது?

இத்தீவில் முதலில் தோட்டம் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி தீவு பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. பருத்தி விளைவிக்க ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக்கினார்கள். அடிமை முறையில் உடலைப் பறித்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதோடு பொழுதையும் பறித்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது பாடுவது, இறந்த தாய்க்காக எவ்வளவு நேரம் அழுவது என்பதெல்லாம் மேற்பார்வையாளன் வைத்த சட்டம்.

1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் நீண்ட கட்டாய உழைப்பு 1838இல் முடிந்தது. பிறகு நடந்ததுதான் கேரியகூவுக்கே உரிய கதை. தோட்ட முதலாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நிலம் வறண்டது, லாபம் இல்லை. எஞ்சியவர்கள் விடுதலை பெற்ற மக்கள்தான். அவர்கள் சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள், வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசே சில தோட்டங்களை வாங்கிப் பிரித்து விற்றது. பாகம் பிரிக்காமல் வழிவழியாக வரும் குடும்ப நிலம் என்ற ஏற்பாடும் வேரூன்றியது. முதன்முறையாக நிலமும் தங்களுடையது, நாளும் தங்களுடையது என்ற நிலை வந்தது.

அப்படிக் கிடைத்த பொழுதை அவர்கள் என்ன செய்தார்கள்? அதை மட்டும் இன்று பார்ப்போம்.

மழையை எண்ணி வாழும் ஆண்டு

கேரியகூவில் ஆறு இல்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடும்பம் நடக்கிறது. வீடு கட்டும்போதே தொட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். ஜனவரி முதல் மே வரை வறட்சி. தொட்டியில் நீர் இறங்க இறங்கக் குளிப்பதும் துவைப்பதும் சுருங்கும். ஜூன் மாதம் மழை தொடங்கியதும் மக்காச்சோளமும் துவரையும் விதைப்பார்கள்.

நாம் பருப்பாக்கும் அதே துவரைதான். இந்திய மண்ணில் பயிரானது ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் பாதையில் கரீபியன் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பெரும்பாலும் பச்சையாகவே உரித்துச் சமைக்கிறார்கள். சோற்றோடு சேர்த்து வேகவைப்பார்கள், இறைச்சியோடு சாறு வைப்பார்கள்.

அறுவடை முடிந்ததும், அதுவரை கட்டிப்போட்டிருந்த ஆடுமாடுகளை அவிழ்த்து விடுவார்கள். கோடை முழுக்க அவை தீவெங்கும் மேயும். பயிர் நிற்கும் காலத்தில் ஆட்டைக் கட்டுவதும் அறுத்த பின் அவிழ்ப்பதும் ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஒழுங்கு. ஒருவர் மீறினால் எல்லோருக்கும் நட்டம்.

வாரநாளின் சாயங்காலம் எப்படிப் போகிறது என்று கேட்டால், ரம் கடையைச் சொல்ல வேண்டும். மளிகையும் மதுவும் ஒரே பலகைக்கு மேல் விற்கும் சின்னக் கடை அது. வாசலில் மேசை போட்டு டோமினோ ஆடுவார்கள். காயை மேசையில் ஓங்கி அறைவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். ஜேக் அயர்ன் என்ற ரம் அந்தத் தீவின் அடையாளம். அதில் பனிக்கட்டி போட்டால் மிதக்காமல் மூழ்கிவிடும் என்பார்கள். அது கட்டுக்கதை அல்ல. சாராயச் சத்து அவ்வளவு கூடுதலாக இருக்கும்போது திரவத்தின் அடர்த்தி பனிக்கட்டியின் அடர்த்தியைவிடக் குறைந்துவிடுகிறது. வேலை முடிந்து நாலு பேர் வெறுமனே கூடிப் பேசிக்கொண்டிருப்பதைக் கரீபியன் முழுவதும் 'லைம்' என்று சொல்கிறார்கள். அதற்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது, அழைப்பும் கிடையாது. குடி சில குடும்பங்களைச் சீரழிப்பதும் உண்மை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் தீவின் ஓய்வு ரம் கடையோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்தால் அதன் உள்ளத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம்.

மூதாதையர் பங்கு

அந்த உள்ளத்தைப் பார்க்க மெரூன் விருந்துக்குப் போக வேண்டும். நன்றி சொல்லவும் மழை வேண்டவும் ஓர் ஊர் கூடிச் சமைக்கும் நாள் அது. ஒருவர் மக்காச்சோளம் கொடுப்பார், ஒருவர் துவரை, ஒருவர் ஆடு, ஒருவர் விறகு. திறந்தவெளியில் மூன்று கல் கூட்டிப் பெரிய கொப்பரைகளை ஏற்றுவார்கள். பெண்கள் மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டி உருட்டுவார்கள், சோற்றையும் அப்படியே உருட்டுவார்கள். விறகுப் புகை ஏறியதால் அந்தச் சாப்பாட்டுக்குப் புகையுணவு என்றே பெயர். வந்தவர் யாரானாலும் சோறு உண்டு. விலை இல்லை, சீட்டு இல்லை.

சராக்கா என்ற சடங்கில் மூதாதையருக்கு முதலில் படையல் வைப்பார்கள். 'பெற்றோர் தட்டு' என்று அதற்குப் பெயர். இறந்துபோன பாட்டி கனவில் வந்து பசிக்கிறது என்றால், அந்தக் குடும்பம் விருந்து வைத்தே தீரும். ஒருவர் இறந்த பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கல்லறைக்குக் கல் நாட்டும்போது கல் விருந்து நடக்கும். அதற்காக நியூயார்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் பணம் சேர்த்து ஊர் வந்து சேர்வார்கள்.

இந்த விருந்துகளின் உயிர் பிக் டிரம் ஆட்டம். மூன்று முரசுகள். முன்பெல்லாம் ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிச் செய்தவை. பூலா எனப்படும் இரண்டும் தாளத்தைப் பிடித்து நிற்க, நடுவில் இருக்கும் கட் முரசு ஆடுபவரின் காலோடு பேசும். வட்டத்தில் ரம்மும் தண்ணீரும் தெளித்துத் தொடங்குவார்கள். முதலில் பிழை பொறுக்க வேண்டி மூதாதையரிடம் மன்னிப்புப் பாட்டு. அதன்பின் ஒவ்வொரு இனத்துக்கும் அதனதன் பாட்டு, அதனதன் அடவு: குரோமாண்டி, இக்போ, மாண்டிங், தெம்னே, மோக்கோ, சாம்பா, காங்கோ.

இதை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஏலத்தில் விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, மொழி பிடுங்கப்பட்ட மக்கள், தம் தந்தைவழி எந்த ஆப்பிரிக்க இனம் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தார்கள். ஏட்டில் எழுதவில்லை. ஆட்டத்தில் வைத்துக் காத்தார்கள். ஆய்வாளர் எம். ஜி. ஸ்மித் 1950களில் அங்கே தங்கி ஆராய்ந்தபோது, மக்கள் தம் இனப்பெயரைச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தார். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1962இல் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போனார். கருவிகளும் ஏடுகளும் வருவதற்கு முன்பே, ஓர் இரவு கூடி ஆடுவதற்கு நேரம் ஒதுக்கியதன் மூலம் அந்த மக்கள் தம் வரலாற்றைத் தாமே பாதுகாத்திருந்தார்கள். நாம் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துபோகும் ஒன்று அங்கே ஆவணக் காப்பகமாக இருந்திருக்கிறது.

படகு இறக்கும் நாள்

விண்ட்வேர்ட் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் கப்பல் தச்சர்கள் குடியேறினார்கள். மெக்லாரன், மெக்ஃபார்லேன் போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே வழங்குகின்றன. அவர்கள் கொண்டுவந்த தச்சுக்கலை தீவின் கலையாக மாறியது. வரைபடம் கிடையாது, கண்ணளவுதான் கணக்கு. காட்டுக்குள் போய் இயல்பாகவே வளைந்து நிற்கும் வெண்தேவதாரு மரத்தைத் தேடிப் படகின் விலா எலும்புகளுக்கு வெட்டி வருவார்கள். கடற்கரை மணலில், மரநிழலில் படகு எழும். இந்தப் படகுகளில்தான் தீவு வணிகம் செய்தது, மீன் பிடித்தது, சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கும் ஏற்றியது.

இரும்புக் கப்பலும் விமானமும் வந்த பின் தொழில் நலிந்தது. ஆல்வின் ஈனோ என்ற தச்சர் தம் மகன்களோடு படகு கட்டுவதை 'வானிஷிங் செயில்' என்ற ஆவணப்படம் 2015இல் உலகுக்குக் காட்டியது. கேரியகூ, பெட்டீட் மார்டினிக் தீவுகளின் மரப்படகுக் கட்டுமானத்தை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கட்டி முடித்த படகைக் கடலில் இறக்கும் நாள் ஊர்த் திருவிழா. பாதிரியார் மந்திரித்து நீர் தெளிப்பார். மேல்தளத்தில் ஆடோ சேவலோ பலியிடுவார்கள். முரசு முழங்கும், கொப்பரை ஏறும். பிறகு, படகை நிமிர்த்தி நிறுத்தியிருக்கும் முட்டுக்கட்டைகளைத் தச்சர்கள் கோடாலியால் ஒரே சீராக வெட்டிக்கொண்டே வருவார்கள். படகு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து உருளைக் கட்டைகள் மேல் படியும். ஊரார் வடம் பிடித்து, பாட்டுப் பாடி, கடலுக்கு இழுப்பார்கள். படகு ஒருவருடையதுதான். ஆனால் ஊர் கைவைக்காமல் அது நீரைத் தொடாது. இழுத்தவர்களுக்குக் கூலி கிடையாது, சோறும் பாட்டும் உண்டு.

அங்கே உழைப்பு எங்கே முடிகிறது, களிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. தோட்டக் காலத்தில் உழைப்பு முழுவதும் முதலாளியுடையதாக இருந்தது, களிப்புக்கு அவன் அனுமதி வேண்டியிருந்தது. விடுதலை பெற்றவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பின்னிவிட்டார்கள். உழைப்பைத் திருவிழா ஆக்கிவிட்டால், எந்த முதலாளியாலும் அதை மறுபடி தனியே பிரித்தெடுத்துக்கொண்டு போக முடியாது. கேரியகூ மக்கள் நமக்குத் தரும் முதன்மையான பாடம் இது என்று நான் கருதுகிறேன்.

1965 முதல் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் படகுப் போட்டி நடக்கிறது. லின்டன் ரிக் என்ற பாய்மரப் படகு ஆர்வலர் தொடங்கிவைத்தது அது. அடிமை முறையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் விடுதலை நாள் விடுமுறையும் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலைப் படகுகளே போட்டியில் ஓடும். கரையில் கழுதைப் பந்தயமும் வழுக்குமரமும் நடக்கும்.

சொல்லாடும் தீவு

திருவிழா மாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் பராங் விழா. வயலின், பேஞ்சோ, கிட்டார், முரசு, இரும்புக் கோல் கொண்ட நரம்பிசைக் குழுக்கள் போட்டி போடும். எல்லாக் குழுவும் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைப் பாட வேண்டும். பிறகு தாமே கட்டிய பாட்டு. அதில் அந்த ஆண்டு ஊரில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்பதெல்லாம் சந்திக்கு வந்துவிடும். சின்னத் தீவில் நீதிமன்றத்துக்குப் போகாத பல வழக்குகள் அந்த மேடையில் தீர்ப்பாகின்றன.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஷேக்ஸ்பியர் மாஸ் இன்னும் வியப்பானது. வண்ணத் துணியும் கண்ணாடிச் சில்லும் தைத்த ஆடை, கம்பி வலை முகமூடி, தலைக்கு அடி தாங்கும் கவசம் அணிந்து, ஓர் ஊர் ஆடவர் இன்னொரு ஊராரை நடுத்தெருவில் எதிர்கொள்வார்கள். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் நீண்ட வசனங்களை ஒருவர் மாற்றி ஒருவர் ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் தலையில் அடி விழும். பிரிட்டிஷ் பள்ளிக்கூடம் பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்யவைத்த பாடத்தை எடுத்து, அவர்கள் தம் வீர விளையாட்டாக்கிக்கொண்டார்கள். பிரம்பும் இப்போது அவர்கள் கையில்தான்.

லெஸ்டேர் ஊரில் கேன்யூட் காலிஸ்ட் என்ற ஓவியர் இருந்தார். பிறப்பு 1914, மறைவு 2005. வயலினும் வாசித்தவர். கடற்கன்னியையும் படகு இறக்குவதையும் மெரூன் விருந்தையும் பிக் டிரம்மையும் எளிய கோடுகளில் அடர்ந்த வண்ணத்தில் வரைந்தார். தன் ஊரின் ஓய்வு நாட்களை ஒருவர் வாழ்நாளெல்லாம் வரைந்தார் என்றால், வரையத்தக்க செல்வம் அங்கே இருந்தது என்றுதான் பொருள்.

போனவர்களும் புயலும்

நிலமும் மழையும் குறைந்த தீவிலிருந்து மக்கள் வெளியேறாமல் இருக்க முடியாது. டிரினிடாட் போனார்கள், அரூபாவின் எண்ணெய் ஆலைகளுக்குப் போனார்கள், பிறகு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் நியூயார்க்கின் புரூக்ளினுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழுகிறது. அவர்கள் ஊர் வரும் நாளைக் கணக்கிட்டே விருந்தும் விழாவும் குறிக்கப்படுகின்றன.

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் தாயார் கேரியகூவில் பிறந்தவர். தாய் சொல்லிச் சொல்லி வளர்ந்த அந்த ஊரைச் சிறுவயதில் எந்த வரைபடத்திலும் தேடிக் காண முடியவில்லை என்று 1982இல் வெளிவந்த 'ஸாமி' நூலில் லார்ட் எழுதினார். அடுத்த ஆண்டு பால் மார்ஷல் எழுதிய 'பிரெய்ஸ்சாங் ஃபார் தி விடோ' என்ற நாவல் வந்தது. நியூயார்க்கிலிருந்து சொகுசுக் கப்பலில் புறப்பட்ட கறுப்பினக் கைம்பெண் ஒருவர், பாதியிலே அந்தப் பயணத்தை உதறிவிட்டு இறங்குகிறார். கிரெனடாவில் வேலை செய்யும் கேரியகூக்காரர்கள் ஆண்டுதோறும் படகேறி ஊர் திரும்பும் யாத்திரையில் கலந்துகொள்கிறார். கடைசியில் பிக் டிரம் வட்டத்துக்குள் அவர் கால் தானே அடியெடுத்து வைக்கிறது. இரண்டு பயணங்களும் ஓய்வுப் பயணங்கள்தான். சொகுசுக் கப்பலில் அவருக்குக் கிடைத்தது நல்ல உணவும் வெறுமையும். மரப்படகில் கிடைத்தது சொந்தம். நான் தொடக்கத்தில் சொன்ன விளம்பரப் படத்துக்கு இலக்கியம் தந்த மறுமொழியாக இந்த நாவலைப் படிக்கிறேன். மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் மிகக் கடுமையான காற்றோடு நேராகக் கேரியகூவின் மேல் ஏறியது. ஏறத்தாழ 98 சதவீதக் கட்டடங்கள் சேதமடைந்தன அல்லது அழிந்தன என்று அரசு அறிவித்தது. மருத்துவமனை, பள்ளிகள், அருங்காட்சியகம், அலையாத்திக் காடு என எதுவும் தப்பவில்லை. கூரை போனதும் மழைநீர் பிடிக்கும் வழியும் போனது. அங்கே கூரைதான் கிணறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட அழிவுக்குப் பின் நிவாரணக் கணக்குகள் எழுதப்படும். கூரைத் தகடு எத்தனை, மின்கம்பம் எத்தனை, விடுதி அறை எத்தனை. எல்லாம் தேவைதான். ஆனால் முரசு செய்யும் கைக்கு ஆட்டுத்தோல் வேண்டும், படகுக்கு வளைந்த மரம் தரும் காடு வேண்டும், கொப்பரை ஏற்றும் பொதுவெளி வேண்டும், வயலின் சொல்லிக்கொடுக்க வீட்டு முற்றம் வேண்டும். விண்ட்வேர்டின் கடற்கரை தனியார் விடுதிக்கு வேலியாகிவிட்டால் படகை எங்கே இறக்குவது? இவற்றையும் கணக்கில் எழுதினால்தான் தீவு மீண்டது என்று சொல்ல முடியும். வீடுகளை மட்டும் திருப்பிக் கட்டிவிட்டு, கூடும் இடங்களை விற்றுவிட்டால், அங்கே பிறந்தவர் மறுபடியும் தட்டு ஏந்தி நிற்க வேண்டியதுதான்.

நண்பர்களே, ஒரு மக்கள் கூட்டத்தின் செழிப்பை அளக்க அவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கிறோம். அவர்கள் பொழுது அவர்கள் கையில் இருக்கிறதா, அதை யாரோடு கழிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கேரியகூவின் பணக்கணக்கு சிறியது. ஆனால் இரண்டாம் கேள்விக்கு அந்த மக்கள் தலைநிமிர்ந்து பதில் சொல்வார்கள். தம் பாட்டன்மாரிடமிருந்து களவாடப்பட்ட பொழுதை மீட்டு, தனியே பூட்டி வைக்காமல், இறந்தவருக்கும் இருப்பவருக்கும் வெளியூர் போனவருக்கும் வழிப்போக்கருக்கும் பங்கு வைத்தவர்கள் அவர்கள். கரீபியத் தீவு என்றால் இனி அவர்களை முதலில் நினையுங்கள்.